பதினாறாவது பெயர்

ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று எந்த வீட்டிலாவது அளந்து பார்ப்பார்களா? எங்கள் மேல்வீட்டில் அளந்தார்கள்; அங்கே இருக்கிற புருஷன் பெண்டாட்டியை அண்ணன், அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். சமையல் மேடையில் முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று இருக்கும். காலையில் அக்கா அதைக் கழுத்துவரை நிரப்பி வைப்பார். அண்ணன் காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிட வேண்டும். மாத்திரைக்கு ஒரு மடக்கு, சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு மடக்கு என்று பாட்டில் இறங்கிக்கொண்டே வரும். காலியாகிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதற்குமேல் நாக்கு வறண்டால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே மூன்று வாரமாக மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர்; வீட்டுக்குள் ஒரு மனிதர் ஒரு வாய்த் தண்ணீருக்குத் தவம் கிடந்தார்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே சாவி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சாவி என்றால்தான் தெரியும். மெஷினில் சாவியை வைத்து வெட்டி, அரத்தால் ராவி முடிப்பதற்குள் வந்தவரின் வீட்டுக் கதை முழுவதையும் கறந்துவிடுவார். இப்போது கடையை வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறார். திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரி. கையில் இரண்டு ஊசியோடு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். வெளியே வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். ஆனால் மறுநாள் முகத்து வீக்கம் வடிந்து, பழைய கிண்டல் திரும்பிவிடும். என் டாக்ஸியைப் பார்த்து, இதுக்கும் ஒரு டயாலிசிஸ் பண்ணினா தேவலை என்பார்.

நான் கீழ்வீட்டுக்காரன். அந்த இரண்டு நாளும் அவரை ஏற்றிப் போய் இறக்குவது என் வேலை. அக்கா சலவைக்கடையில் மதியம்வரை நிற்பார். துணியை வாங்கி, கறையைப் பார்த்து, காலரில் எண்சீட்டு குத்தி, நீராவி இஸ்திரியில் இரண்டு கையும் சிவக்கத் தேய்த்து, கம்பியில் மாட்டுகிற வேலை. முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, கூப்பிட்டாங்களா என்பதுதான்.

இந்தக் கூப்பிடுகிற விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் மெஷின் ஏழு. காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை ஓட்டுவார்கள். ஆக ஒரு நாளைக்கு இருபத்தொரு பேர். அந்த இருபத்தொரு பேரையும் கம்ப்யூட்டர் அகர வரிசையில் அடுக்கி அச்சடித்துக் கொடுக்கும். கண்ணாடிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். முதல் ஏழு பேர் காலையில், அடுத்த ஏழு மதியம், மீதி மாலையில். எங்கள் அண்ணன் பதினாறாவது. ஏழு மெஷினும் ஓடும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. காலையில் படுத்தால் என்ன, மாலையில் படுத்தால் என்ன?

மழையில் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தண்ணீர் புகுந்து இரண்டு மெஷின் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. உதிரிப் பாகம் வர வேண்டும் என்றார்கள். சரி செய்வார்கள், இரண்டு நாள் ஓடும், மறுபடி நிற்கும். ஐந்து மெஷின் என்றால் பதினைந்து பேருக்குத்தான் இடம். பதினாறாவது ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாராவது வராவிட்டால் கூப்பிடுகிறோம், இல்லாவிட்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்று தலைமை நர்ஸ் வந்து சொல்லுவார். நல்ல மனுஷி. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பினார்கள்; நடுவில், முந்தைய வாரத் திங்களன்று மட்டும் மெஷின் கிடைத்திருந்தது. வண்டியில் ஏறும்போது அண்ணனுடைய செருப்பு காலில் நுழையவில்லை. அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, உப்பில்லாத சோறும், வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிய உருளைக்கிழங்கும் வைத்தார். அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. நுரையீரலில் தண்ணீர் சேர்ந்தால் அப்படித்தான், இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனால் ஆபத்து என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அக்காவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஆனால் அக்கா சும்மா இருக்கவில்லை. திருப்பி அனுப்பிய மூன்று நாளும் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் போனில் படம் பிடித்து வைத்திருந்திருக்கிறார். அதை என்னிடம் காட்டினார். மூன்று நாளும் விடுபட்டது அதே ஆறு பேர். பதினாறிலிருந்து பதினெட்டுவரை தமிழ்ப் பெயர்கள், அப்புறம் இரண்டு மலையாளம், கடைசியில் சீன எழுத்தில் ஒரு பெயர். அந்தக் கடைசி ஆளை எனக்குத் தெரியும். கடிகாரம் பழுது பார்க்கிறவர். வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. திருப்பி அனுப்பினால் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த மனுஷன் பள்ளிக்கூடத்திலிருந்து எந்த வரிசையிலும் முதல் ஆள், அகரத்தில் ஆரம்பிக்கிற பெயர், இங்கே எப்படிப் பதினாறுக்குப் போனார் என்று அக்கா தலைமை நர்ஸிடம் கேட்டாராம். நர்ஸ் யோசித்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார். பல மொழிக்காரர்கள் கலந்து வாழ்கிற ஊர் என்பதால் பதிவுப் படிவத்தில் பெயரை அவரவர் மொழியில் எழுதலாம் என்று இருந்தது. அண்ணன் ஆசையாகத் தமிழில் எழுதினார். கம்ப்யூட்டர் முதலில் ஆங்கிலத்தை முழுக்க அடுக்கிவிட்டுத்தான் அடுத்த மொழிக்கு வருகிறது. அரபு முடிந்து, இந்தி முடிந்து, அப்புறம்தான் தமிழ். இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை செய்வதுபோலச் செய்து கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்களே.

இந்த இடத்தில்தான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை அக்கா கடைக்குப் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அவள் பாவம், எத்தனை பேரிடம்தான் போய் நிற்பாள், பேரை இங்கிலீஷில் மாற்றி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானே படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பினேன். பதிவு மேஜையில் இருந்த பெண், இதே விலாசத்தில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, அதை நீக்கிவிடவா என்று கேட்டாள். பெரிய மனுஷன் மாதிரி, நீக்கிடுங்க என்றேன்.

வியாழக்கிழமை காலை பட்டியலில் அண்ணன் இரண்டாவது. கண்ணாடிக் கதவின் முன்னால் அண்ணன் என் தோளைத் தட்டினார். அக்கா விஷயம் தெரிந்து, கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். எடை பார்த்தார்கள். கட்டிலில் படுக்க வைத்தார்கள். அப்புறம் நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டரில் அந்தப் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் இறக்கலாம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ரத்தத்தில் தொற்று உண்டா இல்லையா, எதுவும் இல்லை. ஒன்றரை வருஷத்து விவரமும் பழைய பெயரோடு போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு இவர் முந்தாநாள் பதிந்த புது நோயாளி. புது நோயாளி என்றால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் மெஷின். அதற்கு நான்கு நாள். முகம் தெரியும்தான், ஆனால் விவரம் இல்லாமல் ஊசி குத்த எனக்கு உரிமை இல்லை என்று தலைமை நர்ஸ் சொன்னார். அண்ணனைக் கட்டிலிலிருந்து இறக்கினார்கள். ஒரு ஆளை இரண்டு ஆளாக்கி இரண்டு பேரையும் வெளியே நிறுத்திவிட்டேன்.

அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திட்டினால் தேவலை என்று நின்றேன்.

"நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்ச," என்றார். "அதான் திட்டக்கூட முடியல. இந்தக் கம்ப்யூட்டரைப் பாக்கறவரு எங்க இருக்காரு, அதை விசாரி."

அவர் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தார். கண்ணாடி போட்ட, நாற்பத்தைந்து வயது ஆள். தமிழ்க்காரர்தான். மேஜையில் மூன்று திரை, தரையில் தண்ணீர் புகாமல் இருக்க மணல் மூட்டை, ஒரு மூலையில் ஈரக்குடை. அக்கா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். நீக்கியதைத் திருப்பிக் கொண்டுவர முடியும், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

"திரும்பி வந்தா எத்தனாவது?"

அவர் பார்த்தார். பழைய தமிழ்ப் பெயரோடுதான் வரும். பதினாறு. இன்றைக்கும் ஐந்து மெஷின்தான் ஓடுகிறது.

அக்கா போனை எடுத்து மூன்று பட்டியலையும் மேஜையில் வரிசையாகக் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். அவரவர் மொழியில் பெயர் எழுதலாம் என்பது அவருடைய யோசனையாம். அவருடைய அம்மா ஒரு தடவை ஏதோ ஆபீஸில் தன் பெயரைப் பட்டியலில் படிக்கத் தெரியாமல் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தாராம். யாருக்கும் அப்படி ஆகக்கூடாது என்று செய்தது. உள்ளே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கிறது, கம்ப்யூட்டர் எண்ணைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது என்று விளக்கினார். எண் கொடுத்த வரிசையில் ஆங்கிலம் முன்னால் வந்துவிட்டது, சீனம் எங்கேயோ பின்னால் போய்விட்டது. தமிழுக்குள்ளேயே கூட ஒழுங்கில்லை, கடைசியில் வர வேண்டிய 'ன' போய் 'ந' பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றார்.

சொல்லச் சொல்ல அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. மொழிகளை அடுக்கடுக்காக வைக்காமல் கலந்து வைத்தால் என்ன என்று விசைகளைத் தட்ட ஆரம்பித்தார். ஆங்கில ஏ, தமிழ் அகரம், மலையாள அகரம், அரபியின் முதல் எழுத்து எல்லாம் ஒரு பக்கம். அண்ணன் ஐந்தாவது இடத்துக்கு ஏறினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் ஒரு இடத்தில் நான்கு மொழி நின்றால் அதில் எது முதலில்? அதை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. சீனத்தை எங்கே செருகுவது? அங்கே அகரமே இல்லையாம். கோடுகளை எண்ணி அடுக்குவார்களாம், இல்லாவிட்டால் உச்சரிப்பை வைத்து அடுக்குவார்களாம். அவர் எப்படி வைத்தாலும் கடிகாரக்காரர் கடைசி மூன்று பேருக்குள்தான் வந்து நின்றார்.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அதற்குள் அண்ணனுடைய பழைய விவரமெல்லாம் திரும்பி வந்திருந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அக்கா, நேரம் போகுது. இப்போதைக்கு உங்க வீட்டுக்காரரை மட்டும் கையால மேல ஏத்தி விட்டுடறேன். யாருக்கும் தெரியாது. மத்ததை அப்புறம் நிதானமா பாக்கலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தால் அவர் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேன். மேலே ஒரு மனுஷன் நாற்காலியில் முன்பக்கம் குனிந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். அக்கா இஸ்திரிச் சூட்டில் காய்ப்புப் பிடித்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன்.

"இவரை ஏத்தினா பதினஞ்சாவது ஆளு கீழ இறங்குவாரு இல்லையா? அவரு வீட்டுல ஒருத்தி இதே படிக்கட்டு இறங்கி உங்ககிட்ட வருவா. நீங்க அவரையும் ஏத்துவீங்க. கடைசியில யாருக்கு வர ஆளில்லையோ அவங்க சாகணும். அதுதானே?"

கம்ப்யூட்டர்காரர் நாற்காலியை மறுபடி மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க கடையில முந்நூறு உருப்படி தொங்குது சார். பேரைப் பாத்து மாட்டறதே இல்ல. என்னைக்கு வேணுங்கறதைப் பாத்துத்தான் மாட்டுவோம். நாளைக்குக் கல்யாணம்னு குடுத்த கோட்டை அகர வரிசையில மாட்டினா மாப்பிள்ளை பனியனோடதான் போகணும். இவங்க பேரு எந்த மொழியில இருந்தா என்ன? கடைசியா மெஷின்ல படுத்தது என்னைக்கு, எத்தனை மணிக்கு, அது உங்ககிட்ட இருக்கா இல்லையா?"

இருந்தது. எல்லாருக்கும் இருந்தது. ஊசியைக் கழற்றும் நேரத்தை நர்ஸ்கள் ஒவ்வொரு தடவையும் பதிகிறார்கள். அதை யாரும் அடுக்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவர் ஒரு வரியை மாற்றினார். பொத்தானை அழுத்தினார். திரையில் பெயர்கள் இடம் மாறி நின்றன. முதலில் சீன எழுத்து. கடிகாரக்காரர் படுத்து பத்து நாள் ஆகியிருந்தது. அடுத்து ஒரு மலையாளப் பெயர். மூன்றாவது அண்ணன். அப்புறம் இன்னொரு மலையாளம், இன்னொரு தமிழ். ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் செவ்வாயன்று யாரோ வராத இடம் கிடைத்திருந்தது, அவர் தானாகவே கீழே இறங்கிவிட்டார். மாலையில் ஐந்து இடம். ஐந்து பேர். அதற்குக் கீழே எல்லா மொழியும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. அந்த மாதிரி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாமல் இதை மேலே அனுப்ப முடியாது என்று அவர் இழுத்தார். அக்கா மாடிக்குப் போய்த் தலைமை நர்ஸை நேராகக் கையோடு அழைத்து வந்துவிட்டார். அந்த அம்மாள் திரையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார்.

"வீட்டுக்குப் போங்கன்னு அவங்க முகத்துக்கு முன்னாடி நின்னு சொல்றது நான். கம்ப்யூட்டர் இல்ல," என்றார். "என்னைக்காவது ஏன்னு கேட்டா பதில் இருக்கணும். டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

பேசினார். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாலை நான்கு மணிக்குப் புதுப் பட்டியல் கதவில் ஏறியது. மாலைக்குக் காத்திருந்த ஐந்து பேரும் கொதித்தார்கள். ஒருவர் கத்தவே செய்தார். பட்டியலில் நாளும் மணியும் எழுதியிருந்த இடத்தைத் தலைமை நர்ஸ் விரலால் தொட்டுக் காட்டினார், இன்றைக்கு விடுபட்டவர்கள் நாளைக் காலையில் தானாகவே முதல் ஐந்துக்கு வந்துவிடுவார்கள் என்றார். கத்தியவர் மேலே இருந்த தேதிகளைப் படித்தார். பத்து நாளா என்று கடிகாரக்காரரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். அண்ணனுக்கு அன்றைக்கு மூன்றரை லிட்டர் இறக்கினார்கள். எட்டரைக்கு வெளியே வந்தபோது செருப்பு காலில் நுழைந்தது. நான் வண்டியை எடுக்கும் சாக்கில் முன்னால் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மழை நின்றது. ஒரு மெஷின் சரியானது, இன்னொன்று சரியாகவில்லை. ஆறு மெஷின், பதினெட்டு பேர். மாதத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது ஒரு நாள் தள்ளிப் போனார்கள், ஆனால் யாரும் இரண்டு நாள் தள்ளிப் போகவில்லை. அண்ணன் கடையில் மறுபடி அரம் சத்தம் கேட்டது. ஒரு வாரம் என்று சொன்ன பட்டியல் ஒரு மாதம் ஆகியும் கதவில் இருந்தது.

அப்படி ஒரு திங்கட்கிழமை. முந்தைய வியாழன் அண்ணன் ஒரு நாள் தள்ளிப் போய், வெள்ளிக் காலையில்தான் படுத்திருந்தார். பட்டியலில் இருபத்தொன்றாவது. சனி ஞாயிறு தண்ணீரை அவ்வளவு கறாராக அளக்கவில்லை, பக்கத்து வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கை நீண்டுவிட்டது. முகம் லேசாக ஊதியிருந்தது. தலைமை நர்ஸ் கதவைத் திறந்து, கடைசி மூன்று பேர் நாளைக் காலையில் என்றார். சொல்லிவிட்டு எங்கள் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாளும் யார் முகத்தையும் பார்க்காதவர். அக்கா ஒரு தடவை தலையசைத்திருந்தால் போதும், ஒரு இடம் எப்படியும் வந்திருக்கும். அது அங்கே இருந்த நர்ஸ்கள் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா பட்டியலின் கடைசி வரியைப் படித்தார். அதற்கு மேலே இருந்த வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணனுடைய முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

"ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்," என்றார் அண்ணன்.

"கேட்டா குடுத்துடுவாங்க. அதனாலதான் கேக்கல."

பிறகு என் பக்கம் திரும்பி, காலையில் ஆறு மணிக்கு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.